வேரை மறைத்தால் வரவேற்பு வருமா?

2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 15 இலட்சம் ஆபிரிக்கக் கறுப்பர் வாழ்கின்றனர். இவர்களுடைய பிள்ளைகளிற் பலர் இந்நாட்டிலேயே பிறந்தவர்கள். இப்பிள்ளைகள் இந்நாட்டாருடன் ஒன்றிப்போக வேண்டுமானால் தாய்மொழியையும் வழக்கங்களையும் கைவிட வேண்டும் என்று எண்ணுவோர் உளர். அவர்களது அனுபவமோ வேறொன்றைக் காட்டுகிறது.

1950களிலிருந்து உயர்கல்விக்காக இங்கு வந்த நைஜீரிய இளந்தம்பதிகள் பலர், வேலைக்கும் படிப்புக்கும் இடையே தவித்து, தம் கைக்குழந்தைகளைப் பணம் கொடுத்து வெள்ளையர் குடும்பங்களிடம் வளர்க்க விட்டனர். பட்டம் பெற்றதும் ஊர் திரும்பலாம் என்பதே அவர்கள் எண்ணம். ஆண்டுகள் நீண்டன. பிள்ளை திரும்பி வந்தபோது தாய் பேசிய மொழி அதற்குப் புரியவில்லை. 1967இல் பிறந்த நடிகர் அடெவாலே அக்கினோயே-அக்பாஜே இவ்வாறு டில்பரியில் வளர்ந்தவர். கறுப்பரை வெறுத்த முரட்டு இளைஞர் கும்பலிலேயே அவர் சேர்ந்தார். தம் கதையை 2018இல் 'ஃபார்மிங்' என்னும் திரைப்படமாக்கினார். வேரை இழந்ததால் அவருக்கு வரவேற்புக் கிடைத்துவிடவில்லை.

2021 யூலையில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில், நைஜீரியப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த 19 வயது புக்காயோ சாக்கா இங்கிலாந்துக்காகப் பந்துதைத்துக் கோலைத் தவறவிட்டார். அன்றிரவே அவர்மீது நிறவெறி வசைகள் குவிந்தன. நாட்டின் சீருடையும் அவரைக் காக்கவில்லை.

வெளியுலகம் இவ்வாறு தள்ளும்போது பிள்ளை சாய்ந்துகொள்ள வீட்டில் ஏதேனும் இருத்தல் வேண்டும். யொரூபா மக்கள் குழந்தை பிறந்த எட்டாம் நாள் உறவினர் கூடிப் பொருள் பொதிந்த பெயர் சூட்டுவர். அப்பெயரை ஆசிரியரின் வசதிக்காகச் சுருக்காது, அதன் பொருளைப் பிள்ளைக்குச் சொல்லி வளர்ப்பது பெற்றோர் கடன். இரு மொழி கேட்டால் குழந்தை குழம்பும் என்று முன்னர் ஆசிரியர்களும் மருத்துவர்களும் சொன்னதுண்டு. இன்றைய மருத்துவம் அதனை ஏற்பதில்லை.

அதற்காகப் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைத்தலும் தகாது. லண்டன் பேச்சும் பள்ளித் தோழரும் அப்பிள்ளைக்கு உரியவையே. "நீ யார்?" என்ற கேள்விக்கு ஒரே விடையைச் சொல்லும்படி வீடும் பள்ளியும் வற்புறுத்தாதிருத்தல் வேண்டும். பிள்ளைகளோடு அந்நிய மண்ணில் வாழும் எந்தச் சமூகமும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.