மழைக்கால மீனுக்கு ஏற்ற புகையடுப்பு எது?

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது ஏர் பூட்டியவனுக்கு நற்செய்தி. பழவேற்காட்டு ஏரியை அடுத்த சுண்ணாம்புக்குளம் முதலிய கிராமங்களில் கருவாடு போட்டு விற்கும் பெண்மக்களுக்கோ அதுவே கவலைக்குரிய காலம். மடவையும் கெளிறும் ஏராளமாக வலையில் விழும் நாளில் விலை தாழ்ந்துவிடுகிறது. மிஞ்சியதை உப்பிட்டு மணலில் பரப்பினால் வெயில் முகங்காட்டுவதில்லை. மறுநாள் ஈ மொய்க்கிறது. அடுத்த நாள் புழு வைக்கிறது. மனிதர் உண்ணத்தக்க பொருள் கோழித்தீனியின் விலைக்குப் போகிறது.

இந்த நஷ்டத்துக்குப் பரிகாரமாகக் கொல்லையில் புகையடுப்பு வைத்து மீனைப் பதப்படுத்தலாம் என்னும் யோசனை நல்லதே. ஆயின் புகையடுப்பு என்ற ஒரே பெயரில் பலவகைச் சாதனங்கள் வழங்குகின்றன. அவற்றுள் மலிவாகத் தோன்றும் இரும்புப் பீப்பாயையே பலர் முதலில் நாடுவர். வீட்டுக்கொரு பீப்பாய் வாங்குவதினும், சில குடும்பத்தார் கூடி மண்ணாலும் செங்கல்லாலும் ஒரு பொது அடுப்பைக் கட்டிக்கொள்வதே இக்கரைக்கு ஏற்றது என்பதற்குரிய காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

மீன் சங்கதி விவசாயப் பத்திரிகையில் எதற்கு என்று நிலமுடையோர் எண்ணலாகாது. அடுப்புக்கு வேண்டிய விறகும் மட்டையும் அவர்கள் தோப்பிலிருந்தே வரவேண்டும். அடுப்பு கட்டும் மேட்டுநிலம் கிராமாதிகாரிகளின் கவனிப்பில் உள்ளது. நடவாளின் கஞ்சிக்குத் துணையாவது கருவாடு. மீன் கழிவு தென்னைக்கு எரு. ஏரிக்கரையின் நஷ்டம் வயற்காட்டையும் தொடாமற் போகாது.

புகை செய்வதும் செய்யாததும்.— புகையே மீனைக் காக்கிறது என்னும் நம்பிக்கை தவறானது. மீனைக் காப்பவை உப்பும் உலர்வுமே. புகை நிறமும் மணமும் தந்து, ஈயை ஓரளவு விலக்கி, கொழுப்புச் சிக்கடிப்பதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. ஒன்றிரண்டு மணி நேரம் மாத்திரம் சுட்டுப் புகையூட்டிய மீன் ஈரம் நிறைந்தது. நமது உஷ்ணத்தில் 1 முதல் 3 நாளுக்குமேல் தாங்காது. 10 முதல் 18 மணி நேரம் வரை மெல்லனலில் வைத்து, ஒடித்தால் ஒடியும் பதத்துக்கு உலர்த்திய மீனே மாதக்கணக்கில் நிற்கும். ஆதலால் அடுப்பைத் தேர்ந்தெடுக்குமுன், சரக்கு மறுநாட் சந்தைக்கா, மாதக்கணக்கில் வைத்து விற்கவா என்பதை முடிவு செய்தல் வேண்டும். மழைக்கால நஷ்டத்தைத் தடுப்பதே நோக்கமாயின், நெடுநேரம் மெல்லனலைத் தாங்கி நிற்கும் அடுப்பே தேவை.

குழியும் தட்டியும்.— தரையில் குழி தோண்டித் தீ மூட்டி, மேலே மூங்கில் தட்டியில் மீனைப் பரப்புவது எங்கும் அறிந்த முறை. செலவு இல்லை என்பதைத் தவிர அதற்கு வேறு குணமில்லை. அனலில் பெரும்பகுதி காற்றோடு போகிறது. நடுவிலுள்ள மீன் கருகுகையில் ஓரத்து மீன் வேகாதிருக்கும். காற்று திரும்பினால் புகை முழுவதும் அடுப்பாளின் கண்ணிலும் மார்பிலும் ஏறுகிறது. ஏரிக்கரையில் மழைக்காலத்தில் குழி தோண்டினால் முதலில் வருவது தண்ணீர்.

இரும்புப் பீப்பாய்.— 200 லிட்டர் எண்ணெய்ப் பீப்பாயின் அடியில் வாயில் வெட்டி, மேலே கம்பித்தட்டு இரண்டு மூன்று வைத்துவிட்டால் அடுப்பு ஆயிற்று. வேண்டுமிடத்துக்கு உருட்டிச் செல்லலாம். ஒரு வீட்டுத் தேவைக்குப் போதும். உப்புக் கண்டம் போடும் வீடுகளில் மழைநாளில் இறைச்சித் துண்டங்களை உலர்த்தவும் உதவும். ஆனால் வியாபாரத்துக்கு இது உகந்ததன்று. மெல்லிய தகடு தீ எரிகையில் மிகவும் காய்ந்து, தீ தணிந்தவுடன் ஆறிவிடுவதால் இரவு முழுவதும் காவல் இருந்து விறகு தள்ள நேரிடும். உப்புக்காற்றும் உப்புநீரும் தீயும் சேர்ந்து தகட்டை விரைவில் அரித்துவிடும். எல்லாவற்றினும் பெரிய அபாயம் பீப்பாயின் பூர்வோத்தரம். சாயமோ பூச்சிமருந்தோ வேறு ரசாயனமோ இருந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்குப் பயன்படுத்தலாகாது. முன்பு என்ன இருந்தது என்று விற்பவன் நிச்சயமாகச் சொல்ல இயலாத பீப்பாயை, இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பதே புத்திசாலித்தனம்.

தட்டடுக்கு மண்ணடுப்பு.— ஆப்பிரிக்காவில் கானா தேசத்தின் தலைநகரான அக்ராவை அடுத்த சோர்க்கோர் என்னும் மீனவர் குப்பத்தில் 1970ஆம் ஆண்டையொட்டி உருவானது இது. அவ்வூர்ப் பெயராலேயே வழங்குகிறது. மீன் புகையூட்டும் பெண்களையும் கலந்து செய்யப்பட்டதாகையால் அவர்கள் கைக்கு இணங்கியது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் இதைப் பல தேசங்களிலும் பரப்பியது. அமைப்பு மிக எளிது. அகலத்தைப்போல் இருமடங்கு நீளமுள்ள செவ்வகச் சுவர்; நடுவே ஒரு தடுப்பு; முன்புறம் இரண்டு அடுப்பு வாய். சுவரின் தலைமேல் மரச்சட்டமும் கம்பிவலையும் கொண்ட தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக 15 வரை அடுக்கலாம். அடுக்கிய தட்டுகளே புகைக்கூண்டாக அமைவதால், கீழ்த்தட்டைத் தொட்ட அனல் மேல்தட்டு வரை வேலை செய்த பின்னரே வெளியேறும். விறகு மிச்சமாவதன் இரகசியம் இதுவே. கனத்த மண்சுவர் அனலைப் பிடித்து வைப்பதால் நெடுநேர உலர்த்தலுக்கும் ஏற்றது. மேலதைக் கீழும் கீழதை மேலுமாகத் தட்டுகளை அவ்வப்போது மாற்றினால் எல்லா மீனும் ஒரே பதமாகும்.

மண், செங்கல், சட்டத்துக்குப் பலகை, கம்பிவலை இவற்றுள் எதற்கும் தூரதேசம் போக வேண்டியதில்லை. கிளிஞ்சல் எடுத்துச் சுண்ணாம்பு சுடும் தொழிலை அறிந்த கரையாகையால் சூளையின் இயல்பும் ஜனங்களுக்குப் புதிதன்று.

இவ்வடுப்புக்கும் ஒரு குறையுண்டு. மீனின் கொழுப்பு தணலில் சொட்டி எரிகையில், பென்சோபைரீன் முதலிய புற்றுநோய் விளைக்கும் பொருள்கள் உண்டாகி மீனில் படிகின்றன. புகையூட்டிய மீனில் இப்பொருள் கிலோ ஒன்றுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் விதித்திருக்கிறது. இக்குறையை நீக்கும் பொருட்டே செனகல் தேசத்துத் தியாரோயே என்னுமிடத்தில் 2008ஆம் ஆண்டையொட்டி, தணற்பெட்டியும் கொழுப்பு ஏந்தும் தட்டும் தனியே புகை உண்டாக்கும் பகுதியும் கொண்ட அமைப்பு ஒன்று செய்யப்பட்டது. அதைச் சோர்க்கோர் அடுப்பின்மீதே பொருத்தலாம். ஆகவே இன்று மண்ணடுப்பைக் கட்டுவோர், பின்னொரு நாள் தணற்பெட்டியையும் ஏந்துதட்டையும் நுழைக்கும்படி வாயை அகலமாக விட்டுக் கட்டுதல் தூரதிருஷ்டியாகும்.

இயந்திர அடுப்புகள்.— ஸ்காட்லாந்தில் டோரி ஆராய்ச்சி நிலையத்தார் 1939இல் அமைத்த அடுப்பு முதலாக, விசிறியும் வெப்பக்கட்டுப்பாடும் உள்ள சாதனங்கள் பலவுண்டு. சரக்கு ஒரே சீராக அமைவதில் அவற்றுக்கு இணையில்லை. ஆனால் புயல்மழையில் மின்சாரம் நிற்கும் நாளே மீன் மிகுந்து கிடக்கும் நாள் என்பதை நினைத்தால், சிறு கிராமத்தார் இவற்றில் முதல் போடுவது விவேகமாகாது. பெரிய சங்கங்களும் ஏற்றுமதி செய்வோரும் கவனிக்கத்தக்கவை இவை.

விறகு.— சவுக்கு, வேலிக்காத்தான் முதலிய வைரமுள்ள கட்டைகள் தணலுக்கு நல்லவை. தேங்காய் மட்டை மெல்ல எரிந்து புகை தரும்; லட்சத்தீவின் மினிக்காய்த் தீவில் சூரையை வேகவைத்து மாசி செய்வோர் அதையே பயன்படுத்துகின்றனர். பிசின் கசியும் மரம், வர்ணம் பூசிய பலகை, பிளாஸ்டிக், மண்ணெண்ணெய் ஆகியவை அடுப்பின் அருகிலும் வரலாகாது. ஏரிக்கரை அலையாத்தியை வெட்டி மீன் சுடுவது, மீன்குஞ்சு ஒதுங்கும் தொட்டிலை விறகாக்குவதேயாம். இவ்விடத்தில் தோப்புடையோரின் உதவி வேண்டும். தோப்பில் கிடந்து மக்கும் மட்டையையும் கழித்த சவுக்குக் கிளையையும் நியாயவிலைக்கோ, மீன் கழிவு எருவுக்கு மாற்றாகவோ தருவது இருதரப்புக்கும் லாபம்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை.— கெட்ட மீனைப் புகை நல்லதாக்காது. அன்றைய மீனையே எடுக்க வேண்டும். குடல் நீக்கி, நல்ல நீரில் கழுவி, உப்புநீரில் ஊறவைத்து, மேல்தோல் வறளும்வரை நிழலில் காற்றாட விடுதல் வேண்டும். ஈரமீனைத் தீயில் ஏற்றினால் தசை வெந்து உதிர்ந்துவிடும். முதலில் மெல்லனல், பிறகு உள்தசை 60 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாமல் அரைமணி நேரமாவது வேகும்படி அனல், அதன்பின் நீண்ட உலர்த்தல் என்பதே வரிசை. கைப்பழக்கத்தை மாத்திரம் நம்பாமல் ஒரு வெப்பமானி வாங்கி வைப்பது நன்று. நன்றாக ஆறிய பின்னரே கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

பொது அடுப்பின் நிர்வாகம்.— பொதுச் சொத்து ஒருவர்க்கும் சொத்தன்று என்று சிலர் ஆட்சேபிப்பர். அந்த ஆட்சேபணைக்கு விடை ஏரியிலேயே இருக்கிறது. வலை கட்டும் இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் ஏற்பாடு பழவேற்காட்டில் தொன்றுதொட்டு வழங்கிவருகிறது. தண்ணீரில் முறை பிரித்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு அடுப்பில் முறை பிரித்துக்கொள்வது கடினமன்று. இன்ன நாள் இன்னார் அடுப்பு, விறகு அவரவர் பொறுப்பு, பழுது பார்ப்பது பொதுச் செலவு என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளல் வேண்டும். அந்த முறை உழைக்கும் பெண்களின் பெயரிலேயே இருத்தல் அவசியம். ஆடவர் பெயரில் எழுதப்பட்டால் முறையை விற்கவும் அடகு வைக்கவும் இடமுண்டாகும்.

புகைமீனை யார் வாங்குவார் என்னும் கேள்வியும் நியாயமானதே. கருவாட்டுக்குப் பழகிய நாவு ஒரே நாளில் மாறாது. ஆதலால் வெயில்நாளில் வழக்கம்போல் கருவாடும், மழைநாளில் மாத்திரம் புகையடுப்புமாக, முதலில் கிராமத்துக்கு ஓர் அடுப்போடு தொடங்குவதே உசிதம். ஒரு மழைக்காலத்தின் வரவுசெலவைக் கணக்கெழுதிப் பார்த்தபின் இரண்டாவதைக் கட்டலாம். பொன்னேரியிலுள்ள மீன்வளக் கல்லூரி அருகிலேயே இருப்பதால், தொடங்குமுன் யோசனை கேட்டுக்கொள்வதற்கும் சிரமமில்லை.

கிராமாதிகாரிகளும் ஊராட்சியாரும் செய்ய வேண்டியது, வெள்ளம் ஏறாத மேட்டில், குடிசைகளுக்குத் தள்ளி, காற்று புகையைக் குடியிருப்பின்மேல் வீசாத பக்கத்தில் சிறு இடத்தை ஒதுக்கி, நான்கு புறமும் திறந்த கூரை ஒன்று போட்டுக்கொடுப்பதே. மண்சுவர் காய்வதற்குச் சித்திரை, வைகாசி வெயில் வேண்டும். மழை வந்தபின் அடுப்பு கட்ட நினைப்பது, வெள்ளம் வந்தபின் ஏரிக்கு வரப்பு போடுவதை ஒக்கும்.