மூன்று ஊதுவத்திக் குச்சிகள்

பெய்ஜிங்கின் யோங்ஹே கோயிலுக்குள் போக 25 யுவான் கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். ஊதுவத்தி இலவசம். வருகிறவர்கள் மூன்று குச்சிகளைக் கொளுத்தி, இரு கையாலும் நெற்றிக்கு நேரே தூக்கிப் பிடித்துக் குனிந்து கும்பிடுகிறார்கள். உள்ளே ஒரே சந்தன மரத்தில் செதுக்கிய மைத்ரேய புத்தர், தரைக்கு மேலே மட்டும் 18 மீட்டர் உயரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். கும்பிட்டு முடித்ததும் அடுத்த வரிசை, மணி கோத்த கைச்சரடு விற்கும் கடைக்கு.

2023இல் இந்தக் கூட்டத்தில் இளைஞர்கள் நிறையக் கண்ணில் பட்டார்கள். அவர்களிடையே ஒரு பேச்சும் பரவியது. சீன மொழியில் வேலைக்குப் போவது ‘ஷாங்பான்’, முயன்று முன்னேறுவது ‘ஷாங்ஜின்’, ஊதுவத்தி ஏற்றுவது ‘ஷாங்சியாங்’. முதல் இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால், மூன்றாவது என்பார்கள். சொல் விளையாட்டுத்தான், அதற்குள் இருக்கும் கவலை விளையாட்டல்ல. அந்த ஜூனில் நகரங்களில் 16 முதல் 24 வயது வரையுள்ளவர்களிடையே வேலையின்மை 21.3 சதவீதம். அடுத்த மாதக் கணக்கை அரசு வெளியிடவே இல்லை.

இவர்களின் தாத்தா பாட்டி காலத்தில், 1966இல் கலாச்சாரப் புரட்சி தொடங்கியபோது, மாவோவின் இளம் தொண்டர்களான செங்காவலர்கள் கோயில்களை உடைத்தார்கள். யோங்ஹே தப்பியது, ஆனாலும் 1981இல்தான் மறுபடி கதவு திறந்தது. மறு ஆண்டு கம்யூனிஸ்ட் கட்சி வெளியிட்ட 19ஆம் ஆவணம் வழிபாட்டுக்கு இடம் கொடுத்தது. பௌத்தம், தாவோயிசம், இஸ்லாம், கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட் என்ற ஐந்துக்கு மட்டும், அதுவும் அரசு ஏற்ற சங்கங்களின் கீழ். கட்சி உறுப்பினர் எந்தச் சாமியையும் கும்பிடக் கூடாது என்ற விதி இன்றும் உண்டு.

ஆட்சியாளரின் அனுமதியோடு சாமி கும்பிடுவது அந்த மண்ணில் பழைய வழக்கம். சுவான்சோ துறைமுகத்தில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டைப் படித்தால் தெரியும்: அங்கே சிவனை எழுந்தருளச் செய்தது அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியக் கானின் பர்மான்படி (அரசாணைப்படி), கானின் திருமேனி நலமாக இருக்கவேண்டி.

கான் அனுமதி கொடுத்தார். இன்றைய அரசு கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குகிறது. வேலை கேட்டு வரும் பிள்ளைக்கு யோங்ஹே திறந்தே இருக்கிறது; ஜெஜியாங் மாகாணத்து வென்சோ நகரில் கதை வேறு. சான்ஜியாங் தேவாலயம் அரசு ஏற்ற சபையைச் சேர்ந்ததுதான். கட்டடம் அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது என்றார்கள் அதிகாரிகள். விசுவாசிகள் இரவும் பகலும் சுற்றி நின்று காவல் காத்தும் பயனில்லை. 2014 ஏப்ரலில் அதிகாரிகள் அதை இடித்துத் தள்ளினார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்த மாகாணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலுவைகளைத் தேவாலயக் கூரைகளிலிருந்து இறக்கினார்கள். பதிவு பெற்று, அரசு சொன்ன வழியிலேயே நடந்தவர்களுக்கும் இதுதான் கிடைத்தது. இது அநியாயம்.