கண்ணாடிக்குக் கறுப்பு எதற்கு?

கத்தரி வெயில் தொடங்கிவிட்டால் போதும், கார் வைத்திருக்கும் நண்பர்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். "சார், கண்ணாடிக்கு என்ன ஃபிலிம் ஒட்டலாம்? நல்லா டார்க்கா வேணும்." டார்க்காக இருந்தால் வெயில் உள்ளே வராது என்று ஒரு காலத்தில் நானும் நம்பியவன்தான்.

2010இல் என் பழைய காருக்குக் கன்னங்கரேலென்று ஒட்டியிருந்தேன். ஐப்பசி மழை கொட்டிய ஓர் இரவு, தெருவிளக்கு எரியாத சந்தில் ரிவர்ஸ் எடுத்தேன். பின்கண்ணாடியில் இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை. "அண்ணா, நிறுத்துங்கண்ணா!" என்று டிக்கியை யாரோ தட்டிய பிறகுதான் பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பார்த்தால் பம்பருக்கும் மதில்சுவருக்கும் நடுவே சைக்கிளோடு ஒரு பையன். பத்து வயதிருக்கும். ஒரு சாண் இடைவெளி. அன்றிரவு தூக்கம் வரவில்லை. விடிந்ததும் பிளேடும் சோப்புத் தண்ணீருமாக உட்கார்ந்து நானே உரித்துப் போட்டேன்.

2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்கே தடை விதித்தது. விதியோ அதற்கு முன்பும் இருந்ததுதான்: முன், பின் கண்ணாடிகள் வழியாக 70 சதவீத வெளிச்சமாவது போக வேண்டும், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதம். 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்த திருத்தம் 'சேஃப்டி கிளேஸிங்'கையும் (உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய கண்ணாடியும் இதில் அடங்கும்) விதிக்குள் சேர்த்தது. அதை வைத்து, இந்த அளவுகளை மீறாத ஃபிலிமை ஒட்டலாம் என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை நம்பி இங்கே தமிழ்நாட்டில் ஒட்டுகிறவர்கள், நடுரோட்டில் போலீஸிடம் விளக்கம் சொல்லவும் தயாராக இருக்க வேண்டும்.

இதில் பலர் கோட்டைவிடும் கணக்கு ஒன்று உண்டு. கார் கண்ணாடியே முழு வெளிச்சத்தையும் விடுவதில்லை. 75 சதவீதம் விடும் கண்ணாடியில் 60 சதவீத ஃபிலிமை ஒட்டினால் மிஞ்சுவது 45. கடைக்காரர் சொன்ன 60ஐ நம்பி ஒட்டியவர் விதியை மீறியவர் ஆகிவிடுகிறார்.

சரி, சூடு? வெயிலின் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். வெறும் சாயம் ஏற்றிய மலிவு ஃபிலிம் வெளிச்சத்தைத்தான் மறைக்கும்; கதிரில் பெரும்பகுதி தாண்டி வந்துவிடும். செராமிக் ஃபிலிம் பார்வைக்குத் தெளிவாக இருந்துகொண்டே அதைத் தடுக்கும். சென்னை ஜி.பி. ரோடில் ஒரு கடைப் பையன் சூட்டு பல்பைப் போட்டுவிட்டு, "கை வச்சுப் பாருங்க சார்" என்றான். கறுப்பு ஃபிலிம் துண்டுக்குப் பின்னால் சுட்டது. தெளிவான துண்டுக்குப் பின்னால் சுடவே இல்லை. ஆனால் அந்த பல்ப் கக்குவது பெரும்பாலும் அகச்சிவப்புதான். சூரியன் அப்படியல்ல. அதனால் பல்பைப் பார்த்து மயங்காமல், மொத்த சூரிய வெப்பத்தில் எத்தனை சதவீதம் தடுக்கும் என்று கேளுங்கள். எழுத்தில் தராத கடையில் வாங்காதீர்கள்.

நிறுத்திவைத்த காருக்கு வேப்பமர நிழலும், முன்கண்ணாடிக்கு ஒரு மடக்குத் திரையும் போதும்.

ஒட்டத்தான் வேண்டும் என்றால் பகலில் முடிவு செய்யாதீர்கள். அதே ஃபிலிம் ஒட்டிய வண்டியில் இரவு ஏறி, கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, விளக்கில்லாத தெருவைப் பாருங்கள். ஓரமாக நடந்து போகிறவர் தெரியவில்லையா? தயவுசெய்து ஒட்டாதீர்கள்.