டர்பைன் ஜெட் பொம்மை இல்லைங்க (நீண்ட த்ரெட்)

1/ "வேற லெவல் டாக்டர், பாருங்க"ன்னு ஒரே வீடியோவை இந்த வாரம் ஏழெட்டுப் பேர் அனுப்பிட்டாங்க. நம்ம பக்கம் ஒரு புது யூனிட் திறப்பு விழா. பந்தலுக்கு வெளியே காலி இடத்துல ஆர்.சி. டர்பைன் ஜெட் ஒண்ணு காது கிழியற மாதிரி கத்திக்கிட்டு நிக்குது. சுத்தி நூறு பேர் இருக்கும். வாலுக்கு நேர் பின்னாடி மூணு பசங்க போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அவங்களை நகரச் சொல்ல ஒருத்தர் கூட இல்லை.

2/ எழுதாம விட்டுடலாம்னுதான் இருந்தேன். ஆனா இதே மாதிரி ஒரு விழாவிலிருந்து ஒரு பையனை என்கிட்ட தூக்கிட்டு வந்தாங்க. அது மனசை விட்டுப் போகலை. குடும்பத்தோட அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். மத்தபடி நடந்தது நடந்ததுதான்.

3/ பையனுக்கு 9 வயசு. அப்பா பனியன் கம்பெனியில டைலர், அம்மா செக்கிங். முதலாளி வீட்டு விசேஷம்னு குடும்பத்தோட போயிருக்காங்க. ஜெட் முதல் தடவை ஸ்டார்ட் ஆகலை. உடனே மறுபடி ஸ்டார்ட் பண்ணியிருக்காங்க. வால் குழாயிலிருந்து குப்புனு நெருப்பு பின்னாடி பாஞ்சிருக்கு. பையனோட வலது கையும் முழங்காலுக்குக் கீழே ரெண்டு காலும் வெந்துபோச்சு. பாலியஸ்டர் டிராக் பேண்ட் உருகி தோலோட ஒட்டிக்கிச்சு. போதாததுக்கு யாரோ மேல டூத்பேஸ்ட் வேற பூசியிருந்தாங்க.

4/ தோல் ஒட்டு ஆபரேஷன், மாசக்கணக்குல பிசியோதெரபி. ரெண்டு விரல் இன்னும் முழுசா நீட்ட வரலை. கூடவே இருந்த அம்மாவுக்கு அத்தனை நாளும் சம்பளம் இல்லை. ஜெட் விட்டவங்க ஒரு தொகையைக் கொடுத்துட்டு "தெரியாம நடந்துருச்சுங்க"ன்னாங்க. நிஜந்தான், தெரியாமத்தான் நடந்துச்சு. என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. தெரியாத விஷயத்தை அத்தனை ஜனத்துக்கு நடுவுல ஏன் செஞ்சீங்க?

5/ "டாக்டருக்கு எல்லாத்துக்கும் பயம்"னு கமெண்ட் போடப் போறவங்களுக்கு: ஆர்.சி. விமானம்னா எனக்கும் உசுரு. தெர்மாகோல் விமானம் விட்டுப் பழகினவன். டர்பைன் விடற நண்பர்களோட ஞாயித்துக்கிழமை மைதானத்துக்குப் போவேன். அங்க எனக்குக் கொடுத்திருக்கிற வேலை தீயணைப்பு சிலிண்டர் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது. ஒழுங்கா விடறவங்களைப் பார்த்திருக்கேன். அதனாலதான் இந்த வீடியோவைப் பார்த்தா கோபம் வருது.

6/ இந்த இன்ஜின் என்னன்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க. பெரிய விமானத்துல இருக்கிற அதே ஜெட் இன்ஜின்தான், அளவு மட்டும் சின்னது. முன்னாடி கம்ப்ரசர், நடுவுல எரியற அறை, பின்னாடி டர்பைன் சக்கரம். 1980களின் கடைசியில ஜெர்மனியில குர்ட் ஷ்ரெக்லிங் என்பவர் ஒட்டுப்பலகையில கம்ப்ரசர் சக்கரம் செஞ்சு இதை வீட்டுப் பட்டறையிலேயே ஓட்டிக் காட்டினார். அப்புறம் கார் டர்போ சார்ஜர் சக்கரத்தைப் போட்டுச் செய்ய ஆரம்பிச்சாங்க. அருமையான இன்ஜினியரிங், சந்தேகமே இல்லை.

7/ ஆனா கணக்கைப் பாருங்க. அந்தச் சக்கரம் நிமிஷத்துக்கு 1 லட்சம் சுத்துக்கு மேல சுத்தும். வெளியே வர்ற காத்து 500லிருந்து 700 டிகிரி செல்சியஸ். எரிபொருள் மண்ணெண்ணெய் இல்லைன்னா டீசல், அதுல கொஞ்சம் ஆயில் கலந்திருக்கும். பெரிய மாடல்ல முழு வேகத்துல நிமிஷத்துக்கு அரை லிட்டர் குடிக்கும். பறக்கும்போது வயித்துல 3, 4 லிட்டர் எரிபொருள் இருக்கும்.

8/ பையனுக்கு நடந்தது எப்படின்னு சொல்றேன். ஸ்டார்ட் பண்ணும்போது சின்ன மோட்டார் சக்கரத்தைச் சுத்திவிடும், இக்னைட்டர் சூடாகும், பம்ப் எரிபொருளை உள்ளே அனுப்பும். பத்திக்கலைன்னா அந்த எரிபொருள் உள்ளேயே தேங்கி நிக்கும். அதை வடிக்காம மறுபடி ஸ்டார்ட் பண்ணினா தேங்கினது மொத்தமும் ஒரே நேரத்துல பத்தி வால் வழியா வெளியே வரும். டர்பைன் விடற எல்லாருக்கும் தெரிஞ்ச பாலபாடம் இது. முதல்ல வடிக்கணும், ஆளுங்களைத் தள்ளி நிறுத்தணும், பக்கத்துல ஒருத்தர் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரோட தயாரா நிக்கணும். அன்னைக்கு இந்த மூணுல ஒண்ணு கூட இல்லை.

9/ "அப்ப பின்னாடி நிக்காம பக்கத்துல நின்னுக்கிறோம்"னு நினைக்காதீங்க. சக்கரம் உடைஞ்சா துண்டு பக்கவாட்டிலதான் தெறிக்கும். முன்னாடி நின்னா துப்பட்டா, ஐ.டி. கார்டு கயிறு, தரையில கிடக்கிற நூல், பஞ்சு எல்லாத்தையும் உள்ளே இழுக்கும். சத்தம் வேற. தறிச் சத்தத்துலயே காது மந்தமானவங்க நம்ம ஊர்ல எத்தனை பேர்னு நான் சொல்ல வேண்டியதில்லை. காதுக்கு மஃப் போடாம யாரும் கிட்ட நிக்கக் கூடாது.

10/ மேலே போன பிறகு? 15 கிலோ ஜெட் 200 கிலோமீட்டர் வேகத்துல வருதுன்னு வைங்க. ஓட்டுறவரோட சேர்த்து 200 கிலோ எடையுள்ள பைக் 55 கிலோமீட்டர் வேகத்துல வந்து மோதினா என்ன அடியோ, கிட்டத்தட்ட அதே அடி. வித்தியாசம் என்னன்னா பைக்குக்கு பிரேக் இருக்கு, ஹாரன் இருக்கு. ஜெட் ஒரு செகண்டுல 55 மீட்டர் தாண்டிடும். நீங்க தலையைத் திருப்பறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்.

11/ 2013ல நியூயார்க்கில, புரூக்ளின் பக்கம் ஒரு பூங்காவுல 19 வயசுப் பையன் தன் சொந்த ஆர்.சி. ஹெலிகாப்டர் இறக்கை தலையில பட்டு அந்த இடத்திலேயே இறந்துட்டான். நல்லா ஓட்டத் தெரிஞ்ச பையன் அவன். அதுல டர்பைனும் இல்லை, லிட்டர் கணக்குல மண்ணெண்ணெயும் இல்லை.

12/ இன்னொரு விஷயம், டர்பைனுக்குத் தாமதம் உண்டு. எலெக்ட்ரிக் மோட்டார் மாதிரி குச்சியைத் தள்ளினதும் உடனே இழுக்காது. கீழ் வேகத்திலிருந்து முழு வேகத்துக்கு வர சில செகண்டு ஆகும். இறக்கும்போது "ஐயோ, தாழ்ந்துடுச்சே"ன்னு பதறித் தள்ளினா நேரம் கடந்திருக்கும். பைப்ல ஒரு காத்துக் குமிழி வந்தாலே இன்ஜின் அணைஞ்சுடும். ரிமோட் சிக்னல் போனா இன்ஜின் தானா நிக்கிற மாதிரி ஃபெயில்சேஃப் வெச்சு, அதைத் தரையிலேயே சோதிச்சுப் பார்த்திருக்கணும். பந்தல்ல மைக் பிடிச்சவர்கிட்ட "ஃபெயில்சேஃப் செட் பண்ணியாச்சா?"ன்னு கேட்டா பதில் வந்திருக்குமா?

13/ இப்ப நம்ம ஊருக்கு வாங்க. எங்கே பார்த்தாலும் துணி ரோல், கட்டிங் வேஸ்ட் குடோன், தகரக் கூரை, லைன் வீடு. ஃபிளீஸ் துணியோட பஞ்சுப் பக்கத்துல தீப்பொறி பட்டா மேலாப்புல சர்ருனு ஓடும். கோடையில காஞ்ச தென்னை ஓலையும் சோளத்தட்டும் எப்படிப் பத்தும்னு தோட்டத்துக்காரங்களுக்குத் தெரியும். இதுக்கு மேல, லிட்டர் கணக்குல எரிபொருளோட சூடான இன்ஜின் ஒண்ணு வந்து விழுதுன்னு வைங்க. அந்த குடோன்ல வேலை செய்யறவங்க விழாவுக்கே வராதவங்களா இருக்கலாம்.

14/ சட்டம்? "அதெல்லாம் ட்ரோனுக்குத்தாங்க, இது ஜெட்"னு ஒருத்தர் சொன்னார். தப்பு. ட்ரோன் விதிகள் 2021 ஆள் இல்லாம பறக்கிற எல்லாத்துக்கும் பொருந்தும். 2 கிலோவுக்கு மேல 25 கிலோ வரைக்கும் "சிறிய" வகை. பொழுதுபோக்குக்கு, கண்ணுக்கு எட்டின தூரத்துக்குள்ள விடற மாடலுக்கு டைப் சான்றிதழ் தேவையில்லைன்னு சலுகை இருக்கு. ஆனா பதிவு எண் வேணும், இந்த எடைக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேணும், மூன்றாம் நபர் காப்பீடு வேணும். அந்தக் காப்பீடு இருந்திருந்தா பையனோட அப்பா கந்துவட்டிக்குப் போயிருக்க மாட்டார்.

15/ பச்சை மண்டலத்துலயே உயர வரம்பு 400 அடி. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள்ள 200 அடிதான். 200 கிலோமீட்டர் வேகத்துல செங்குத்தா ஏறினா 400 அடியைத் தாண்ட ரெண்டே கால் செகண்டு போதும். நமக்குப் பக்கத்துல என்ன இருக்கு? சூலூர் விமானப்படைத் தளம். 2018ல தேஜஸ் போர் விமானப் பிரிவு வந்து இறங்கின தளம். சூலூர், காரணம்பேட்டை, பல்லடம் ரோட்டோரம் யூனிட் வெச்சிருக்கிறவங்க வேடிக்கைக்குக் கூட வரைபடம் பார்க்காம எதையும் மேலே அனுப்பாதீங்க.

16/ "பைக்ல தினமும்தான் சாகறாங்க, அதைத் தடுத்தீங்களா டாக்டர்?" தடுக்கச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா பைக் ஓட்ட லைசன்ஸ் கேட்கிறோம், ஹெல்மெட் கேட்கிறோம். அதைத்தான் இங்கயும் கேட்கிறேன்.

17/ முதலாளிங்களுக்குப் புரியற மாதிரி ஒண்ணு கேட்கிறேன். உங்க சாயப்பட்டறை பாய்லரை யார் ஓட்டறாங்க? சான்றிதழ் வாங்கின அட்டெண்டன்ட். சட்டம் அப்படித்தான் சொல்லுது. "என் காசு, என் பாய்லர், என் பையன் ஓட்டுவான்"னு சொல்ல முடியுமா? பாய்லர் ரூமுக்குள்ள குழந்தைங்களை நிறுத்தி செல்ஃபி எடுக்க விடுவீங்களா? பாய்லராவது ஒரே இடத்துல நிக்குது. ஜெட் பறக்குது.

18/ என்னை ரொம்ப உறுத்துறது இதுதான். விடறது முதலாளி பையன், பக்கத்துல நிக்கிறது தொழிலாளி பையன். நம்ம வீட்டுப் பசங்களை வி.ஐ.பி. சோபாவுல உட்கார வெச்சுட்டோம். ஆபத்து யாருதுன்னு அவங்களைக் கேட்டு முடிவு பண்ணலை. "தள்ளி நில்லுங்க"ன்னு சொல்ல அங்கே இருந்த எந்தத் தொழிலாளிக்கும் தைரியம் வந்திருக்காது. அதனால சொல்ல வேண்டியது நீங்கதான்.

19/ தடை பண்ணுங்கன்னு நான் சொல்லவே இல்லை. ஆர்வத்தை எப்படி வளர்க்கணும்னு தமிழ்நாட்டுலயே உதாரணம் இருக்கு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களோட தக்‌ஷா அணிக்கு நடிகர் அஜித் குமார் ஆலோசகரா இருந்தார். 2018ல ஆஸ்திரேலியாவுல, தூரத்துல இருக்கிற நோயாளியோட ரத்த மாதிரியை ஆளில்லா விமானம் போய் எடுத்துட்டு வரணும்ங்கிற போட்டியில அந்த அணி ரெண்டாம் இடம் பிடிச்சது. ஒரு டாக்டரா எனக்கு அது பெருமை. அதுக்குப் பின்னாடி எத்தனை சோதனை, எத்தனை திருத்தம் இருந்திருக்கும்னு யோசிங்க.

20/ என்.சி.சி. விமானப் பிரிவுல கூட மாடல் விமானம் படிப்படியாத்தான் கத்துக்கொடுக்கிறாங்க. சிமுலேட்டர், தெர்மாகோல் டிரெய்னர், வேகமான எலெக்ட்ரிக் விமானம், அதுக்கப்புறம்தான் டர்பைன். அமெரிக்க மாடல் விமானச் சங்கத்துல டர்பைன் விடணும்னா தனி அனுமதியே வாங்கணும். அனுபவம் உள்ளவங்க பார்த்துக் கையெழுத்துப் போடணும். காசு கொடுத்து ஜெட்டை வாங்கிடலாம், அந்தப் பழக்கத்தை வாங்க முடியாது.

21/ இப்ப டாக்டர் வேலை. இதை மட்டும் சேவ் பண்ணி வெச்சுக்குங்க. தீ பிடிச்சா ஓடக் கூடாது. நில்லுங்க, கீழே படுங்க, உருளுங்க. தீக்காயத்தைக் குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. ஐஸ் வேண்டாம். பேஸ்ட், மை, மஞ்சள், முட்டை எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், அரைஞாண் கயிறைக் கழட்டுங்க, வீங்கின பிறகு முடியாது. ஒட்டியிருக்கிற துணியைப் பிய்க்காதீங்க. சுத்தமான துணியால மூடி 108க்கு அடிங்க. நோயாளியோட உள்ளங்கை, விரலோட சேர்த்து, உடம்புல சுமார் 1 சதவீதம். அதைவிடப் பெருசா இருந்தாலோ, முகம், கை, மூட்டு, பிறப்புறுப்புல பட்டாலோ ஆஸ்பத்திரிதான்.

22/ ஜெட் எரிபொருளைத் தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்காதீங்க. குழந்தை குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தியோட அது நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா மாதிரி ஆகி உயிருக்கே ஆபத்து. நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. மைதானத்துக்குப் போறவங்க பாலியஸ்டர் டி-ஷர்ட்டை வீட்டுல வெச்சுட்டு காட்டன் போடுங்க. காட்டனும் எரியும், ஆனா உருகி தோல்ல ஒட்டாது. திருப்பூர்க்காரங்களுக்குக் காட்டனுக்கா பஞ்சம்?

23/ கடைசியா மூணு வேண்டுகோள். ஜெட் வெச்சிருக்கிறவங்க: விழாவுல விடாதீங்க, மைதானத்துல, தெரிஞ்சவங்க மேற்பார்வையில, கூட்டம் இல்லாம விடுங்க. விழா நடத்தறவங்க: செண்டை மேளம் வைங்க, வேண்டாம்னா பட்டிமன்றம் வைங்க, ஜெட் மட்டும் வேண்டாம். பார்க்கிறவங்க: உங்க குழந்தை கையைப் பிடிச்சுக்கிட்டு அங்கேருந்து கிளம்புங்க. "பயந்தாங்கொள்ளி"ன்னு சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்.

24/ அந்தப் பையன் போன தடவை செக்கப்புக்கு வந்தப்ப, நோட்டுல இடது கையால ஒரு விமானம் வரைஞ்சு எடுத்துட்டு வந்தான். "பெரியவனானா நானும் விடுவேன் டாக்டர்"னான். விடு கண்ணு, முறையா கத்துக்கிட்டு விடு. அவனுக்கு மைதானத்துல என் தெர்மாகோல் டிரெய்னரைக் கொடுக்கறதா சொல்லியிருக்கேன். அதுக்கு முன்னாடி அந்த ரெண்டு விரலும் நீளணும்.