கட்டளை எழுதும் கட்டளை

மும்பையில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் சனிக்கிழமை மாலைதான் டேட்டாபேஸைச் சுத்தம் செய்வோம். 1997ஆம் வருடம். ஆரக்கிள் 7 ஓடும் ஒரு யூனிக்ஸ் மெஷின், கறுப்புத் திரையில் எஸ்க்யூஎல் பிளஸ். மவுஸுக்கு அங்கே வேலை இல்லை. நீங்கள் கட்டளையை டைப் செய்ய வேண்டும். அது பதில் சொல்லும்.

அன்று எனக்குக் கொடுத்த வேலை எளிமையானது. சோதனைக்காக புரோகிராமர்கள் உருவாக்கிவிட்டு மறந்துபோன டேபிள்களை அழிக்க வேண்டும். எல்லாவற்றின் பெயரும் ஆங்கிலத்தில் 'டெம்ப்' என்ற நாலு எழுத்தில் தொடங்கி, ஒரு அடிக்கோடு போட்டு நீளும். 38 டேபிள்கள். ஒவ்வொன்றாக டைப் செய்தால் கடைசி லோக்கலைப் பிடிக்க முடியாது.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. தன்னிடம் என்னென்ன டேபிள்கள் இருக்கின்றன என்ற பட்டியலையும் ஆரக்கிள் ஒரு டேபிளைப் போலவே காட்டும். அதனிடம் வெறும் பெயர்களைக் கேட்காமல், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'டிராப் டேபிள்' என்றும் பின்னால் ஒரு அரைப்புள்ளியும் ஒட்டித் தரும்படி கேட்கலாம். இரண்டு செங்குத்துக் கோடுகள்தான் பசை. பதிலாக வருவது பட்டியல் அல்ல, ஓடத் தயாரான 38 கட்டளைகள். 'ஸ்பூல்' என்று சொல்லி ஒரு ஃபைல் பெயரைக் கொடுத்துவிட்டால், திரையில் வருவதெல்லாம் அதிலும் பதிவாகும். 'ஸ்பூல் ஆஃப்' என்றால் நிற்கும். பிறகு அட் குறி போட்டு அந்த ஃபைலைக் கூப்பிட்டால் போதும், வரிசையாக நிறைவேறிவிடும்.

சொல்வதற்கு இவ்வளவுதான். செய்யும்போது சில்லறைத் தொல்லைகள். எஸ்க்யூஎல் பிளஸ் அடிப்படையில் ரிப்போர்ட் அடிக்கப் பழகிய ஜென்மம். கேட்காமலே மேலே தலைப்பு போடும், சில வரிகளுக்கு ஒருமுறை பக்கம் மாற்றும், கடைசியில் இத்தனை வரிகள் கிடைத்தன என்று கணக்கும் சொல்லும். எல்லாம் ஃபைலில் குப்பையாகச் சேரும். ஆகவே ஹெடிங், ஃபீட்பேக் இரண்டையும் ஆஃப் செய்து, பேஜ்சைஸைப் பூஜ்யமாக்க வேண்டும். வரி அகலம் வழக்கமாக 80 எழுத்து. பெரிய கட்டளையாக இருந்தால் பெயர் பாதியில் முறிந்து அடுத்த வரிக்குப் போய்விடும். லைன்சைஸைக் கூட்டவேண்டும். கட்டளைகளை நேராகத் திரையில் டைப் செய்தால் நீங்கள் கேட்ட கேள்வியே பதிலோடு சேர்ந்து பதிவாகும். அதனால் கேள்வியையும் ஒரு ஃபைலில் எழுதி, எக்கோவை ஆஃப் செய்துவிட்டு ஓட்டுவது வழக்கம்.

இதெல்லாம் செய்து, ஃபைலை உருவாக்கி, அட் குறியில் விரலை வைத்தபோது எங்கள் சீனியர் மேடம் வந்தார். மராத்திக்காரர். இந்தியில் இரண்டே சொல்: "பஹலே படோ." முதலில் படி. படிக்க என்ன இருக்கிறது மேடம், எல்லாம் ஒரே மாதிரி வரிதானே என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஃபைலை டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் அடித்து, மேஜையிலிருந்து ஒரு மரஸ்கேலை எடுத்து, வரிக்கு வரி கீழே இறக்கிக்கொண்டே வந்தார்.

40 வரிகள் இருந்தன.

கூடுதலாக வந்த இரண்டில் ஒன்று 'டெம்ப்ளேட்ஸ்'. கடிதங்களின் மாதிரிகள் இருந்த டேபிள். போனால் இரண்டு நாள் வேலை. இன்னொன்று 'டெம்பரரி ஸ்டாஃப்'. தினக்கூலிக்காரர்களின் வருகைப் பதிவு. மாதக் கடைசி வாரம் அது. திங்களன்று அதை வைத்துத்தான் கூலி போட வேண்டும். கடைசியாக டேப்பில் பேக்கப் எடுத்தது அதற்கு முந்தைய ஞாயிறு. அந்த வாரத்து ஆறு நாட்களை எந்தக் காகிதத்திலிருந்து மறுபடி சேர்த்திருப்போம் என்று இன்றும் எனக்குத் தெரியாது. மாதச் சம்பளக்காரனான என் சம்பளம் வேறு டேபிளில் பத்திரமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காரணம் அந்த அடிக்கோடுதான். பெயர்களைத் தேட 'லைக்' என்று எழுதும்போது சதவீதக் குறி எத்தனை எழுத்துகளுக்கும் பொருந்தும் என்பது எல்லோருக்கும் தெரியும். அடிக்கோடும் அங்கே ஒரு மந்திரக் குறி என்பது பலருக்கு மறந்துவிடும். ஏதாவது ஒரே ஒரு எழுத்து என்று அதற்குப் பொருள். 'டெம்ப்' என்ற நாலு எழுத்துக்குப் பிறகு எந்த எழுத்து வந்தாலும் அதற்குச் சம்மதமே. அடிக்கோட்டை அடிக்கோடாகவே பார்க்க 'எஸ்கேப்' என்ற சொல்லைச் சேர்த்து எழுத வேண்டும். ஆரக்கிளில் டிராப் செய்ததை ரோல்பேக் செய்ய முடியாது. கட்டளை முடிந்ததும் அதுவே கமிட் ஆகிவிடும். அழித்த டேபிளை மீட்கும் குப்பைத்தொட்டி வசதி, 2003இல் அறிவிக்கப்பட்ட 10ஜி பதிப்பில்தான் வந்தது.

இப்போது வசதிகள் கூடிவிட்டன. போஸ்ட்கிரெஸ்ஸின் பிஎஸ்க்யூஎல் கிளையன்டில் 2016இல், 9.6 பதிப்பில், 'ஜிஎக்ஸெக்' என்றொரு கட்டளை சேர்ந்தது. கேள்வி தரும் பதிலின் ஒவ்வொரு கட்டத்தையும் அதுவே கட்டளையாக எடுத்து உடனே நிறைவேற்றிவிடும். மைஎஸ்க்யூஎல்லில் ஒரு கிளையன்டின் பதிலைக் குழாய் வழியாக இன்னொன்றுக்கு நேரே ஊற்றுகிறவர்கள் உண்டு. இடையில் ஃபைலே இல்லை. நேரம் மிச்சம்தான். புது இன்டெக்ஸ் போடவோ, டேபிள்களில் எத்தனை வரிகள் என்று எண்ணவோ நானும் அப்படிச் செய்கிறேன். அழிக்கிற வேலைக்கு மட்டும் மனம் ஒப்புவதில்லை. இளைஞர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

அந்தச் சனிக்கிழமை எஸ்கேப் சேர்த்து ஃபைலை மறுபடி உருவாக்கினேன். சரியாக 38 வரிகள். எண்ணிப் பார்த்துவிட்டேன் மேடம், இப்போது ஓட்டலாமா என்றேன். அவர் மறுபடி பிரின்டரைப் போட்டுவிட்டு ஸ்கேலை எடுத்தார். கடைசி லோக்கல் போய்விட்டது.