இல்லம் என்றால் விலை போகாதாம்!

போன மாதம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கக் கூட்டம். கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்து, பெயர்ப் பலகையையும் மாற்றப் போகிறார்கள். நான் 'இல்லம்' என்று முடிகிற ஒரு பெயரைச் சொன்னேன். செயலாளர் நல்ல பிள்ளை, என் மகன் வயது. "சார், இல்லம்னு போட்டா முதியோர் இல்லம்னு நினைச்சுடுவாங்க. ஃப்ளாட் விலை போகாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். கடைசியில் 'பேலஸ்' என்று முடிவாயிற்று. ஆளுக்கு 650 சதுர அடி பேலஸ்!

மாடியேறி வந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

இல்லறம், இல்லாள் எல்லாம் 'இல்' என்ற அந்தப் பழைய சொல்லின் வழி வந்தவை. அதை ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் கிழங்களுக்கும் ஒதுக்கிவிட்டோம். மனையின் கதி இன்னும் மோசம். மனைக்கு உரியவள் மனைவி. அரண் உடைய மனை அரண்மனை. இன்றைய விளம்பரங்களில் மனை என்றால் கல் நட்ட பொட்டல்.

சரி, நாம் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்ட சொற்களாவது உயர்ந்த இடத்துப் பிறப்பா? பங்களா என்றால் வங்காளத்து வீடு, அவ்வளவுதான். அந்த ஊர்க் கூரை வீட்டின் பாணியில் வெள்ளைக்காரன் தனக்கு ஒன்று கட்டிக்கொண்டான். துரை குடியேறியதும் கூரைக்கு மரியாதை வந்துவிட்டது. வில்லா, லத்தீனில் பண்ணை வீடு. அந்தப் பண்ணையில் உழைத்தவனைக் குறித்த சொல்தான் தேய்ந்து, நம்பியாரும் வீரப்பாவும் நடித்தார்களே, அந்த 'வில்லன்' ஆயிற்று. உழைத்தவன் கெட்டவனானான், வீடு மட்டும் கோடிக்கு விற்கிறது! பேலஸ், ரோமாபுரியில் அகஸ்டஸ் சீசர் குடியிருந்த பாலடைன் குன்றின் பெயரிலிருந்து வந்தது. எங்கள் காம்பவுண்டில் குன்றும் இல்லை, சீசரும் இல்லை. தண்ணீர் லாரிதான் வருகிறது.

மேன்ஷனைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். வேலை கிடைத்த புதிதில், 1973-ல், திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இருந்தவன் நான். ஒரே அறையில் மூன்று பேர், குறுக்கே துணிக்கொடி, ராத்திரி மூட்டைப்பூச்சி. லத்தீனில் 'தங்குதல்' என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. பிரபுக்களின் மாளிகைக்கு அதைச் சூட்டிய இங்கிலீஷ்காரனைவிட, திருவல்லிக்கேணிக்காரன்தான் பொருளறிந்து பயன்படுத்தியிருக்கிறான்!

நம்மிடம் பெயரா இல்லை? மச்சு வீடு, மெத்தை வீடு, காரை வீடு. எங்கள் தெருவில் மெத்தை வீடு ஒன்றே ஒன்று. அந்தக் குடும்பத்துக்கே அதுதான் பெயர். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனால்கூட "மெத்தை வீட்டுக்கு வெச்சாச்சா?" என்றுதான் அம்மா கேட்பாள்.

'மாளிகையே வடசொல்தானே ஐயா' என்று சிலர் கிளம்புவீர்கள். இருக்கட்டுமே. பங்களா என்று நானும்தான் சொல்கிறேன். வெளியூர்ச் சொல் வருவதில் எனக்குச் சண்டை இல்லை. வசதிக்கு ஒரு பாஷை, இல்லாமைக்குத் தமிழ் என்று பங்கு பிரிக்கிறார்களே, அங்கேதான் எரிகிறது.

வெள்ளிக்கிழமை பேலஸ் பலகை மாட்டுகிறார்கள். நானும் ஒரு சின்னப் பலகைக்குச் சொல்லியிருக்கிறேன், 400 ரூபாய். என் வீட்டுக்காரி பெயரோடு 'இல்லம்' என்று எழுதி வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டப் போகிறேன். முதியோர் இல்லம் என்று நினைத்தால் நினைக்கட்டும். உள்ளே இருப்பவர்களுக்கு வயது 76-ம் 71-ம்தானே.