கள ஒளிப்படங்களும் ஆய்வுச் சான்றும்: ஒரு கருத்துரை

தமிழியல் ஆய்வில் ஒளிப்படக் கருவி இன்று எழுதுகோலுக்கு இணையான இடத்தைப் பெற்றுவிட்டது. கல்வெட்டு, நடுகல், ஓலைச்சுவடி, வழிபாட்டுச் சடங்கு, நிகழ்த்துகலை என எப்பொருளை ஆய்வோரும் நூற்றுக்கணக்கான எண்மப் படங்களுடன் களத்திலிருந்து திரும்புகின்றனர். அவற்றுள் இருபதோ முப்பதோ ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இடம்பெறுகின்றன. எஞ்சியவை, கருவி தானாக இட்ட எண்களையே பெயராகக் கொண்டு வன்தட்டில் கிடக்கின்றன. எந்த ஊரில், எந்தச் சுவரில் எடுக்கப்பட்டவை என்பதை அவற்றை எடுத்தவர் மட்டுமே அறிவார். சில ஆண்டுகளில் அவரும் மறந்துவிடுகிறார். விவரக்குறிப்பு இல்லாத ஒளிப்படம் ஆய்வுச் சான்றாகாது என்பதும், அக்குறிப்பை எழுதுவதும் படத்தைப் பொதுவில் ஒப்படைப்பதும் ஆய்வின் பகுதிகளே என்பதும் இக்கருத்துரையின் நிலைப்பாடாகும்.

இக்கோரிக்கை நமக்குப் புதியதன்று. 1887 முதல் வெளிவரத் தொடங்கிய கல்வெட்டு ஆண்டறிக்கைகள், படியெடுக்கப்பட்ட கல்வெட்டுகளுக்கு ஆண்டும் வரிசை எண்ணும் இட்டு, ஊரையும் கோயிலில் அவை அமைந்துள்ள இடத்தையும் பதிவுசெய்தன. நூறாண்டுகளுக்கு முன் எடுத்த மைப்படியை இன்றும் தேடிக் காண முடிவது அந்த எண்ணால்தான். உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரைகளில், பயன்படுத்திய சுவடிகளையும் அவற்றை அளித்து உதவியோரையும் குறிப்பிட்டார். மூலத்தின் வரலாற்றைச் சொல்லாமல் மூலத்தை மட்டும் காட்டுதல் போதாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஒரு படி எடுப்பதற்கு அரைநாள் உழைத்த தலைமுறை காட்டிய கவனத்தை, ஒரு நொடியில் பத்துப் படம் எடுக்கும் தலைமுறை கைவிட்டுவிட்டது.

இக்கவனத்தின் பயன் ஆய்வுலகோடு நிற்பதன்று. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவாடப்பட்ட நடராசர் செப்புத் திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் விலைக்கு வாங்கியது. அது எக்கோயிலுக்குரியது என்பதை நிறுவுவதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஒளிப்படத் தொகுப்பு துணைநின்றது. 2014இல் திருமேனி இந்தியாவுக்குத் திருப்பி அளிக்கப்பட்டது. ஊர்ப்பெயரும் கோயிற்பெயரும் இல்லாதிருந்தால் அந்தப் படம் எண்ணற்ற நடராசர் படங்களுள் ஒன்றாகவே இருந்திருக்கும்.

நம் துறைகளில் இழப்பு மூன்று வழிகளில் நேர்கிறது. முதலாவது, கருவிப் பழுது. ஒரே வன்தட்டில் உள்ள தொகுப்பு அத்தட்டோடு அழிகிறது. இரண்டாவது, எழுத்துருச் சிக்கல். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த படவிளக்கங்கள் இன்றைய கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன. மூன்றாவது, பகிர்வு முறை. வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பும்போது கோப்பு சுருக்கப்படுகிறது. கருவி பதிந்த நாள், இருப்பிடம் முதலிய தரவுகளும் நீங்குகின்றன. தேய்ந்த கல்வெட்டில் ஓர் எழுத்தின் கீற்றைப் பெரிதாக்கிக் காண விழைபவருக்கு அத்தகைய படி பயன்படாது. ஆய்வேடுகள் சோத்கங்காவில் பதிவேற்றப்படுவதால் அவை காக்கப்படுகின்றன. அவற்றுக்கு அடிப்படையான மூலப் படங்களோ காக்கப்படுவதில்லை.

இதற்கான தீர்வு அரியதன்று. கோப்பின் பெயர் ஆண்டு, திங்கள், நாள் என்னும் வரிசையில் தொடங்கி, ஊர்ப்பெயரும் தொடரெண்ணும் கொண்டதாக இருப்பின் தொகுப்பு தானே காலவரிசையில் அமையும். ஒவ்வொரு படத்துக்கும் ஊர், வட்டம், மாவட்டம், பொருள் அமைந்துள்ள துல்லியமான இடம், எடுத்த நாள், எடுத்தவர், முன்னரே பதிப்பிக்கப்பட்டிருப்பின் ஆண்டறிக்கை எண், இசைவு அளித்தவர் ஆகியவற்றை ஓர் அட்டவணையில் ஒருங்குறியில் எழுதவேண்டும். ‘கோயில் சுவர்’ என்பது போதாது; ‘கருவறைத் தென்சுவர், குமுதப்படை’ என்பதே பயன்தரும். சுவடியாயின் ஏட்டெண்ணும் பக்கமும் வேண்டும். ஓர் ஊர்ப்பெயரைத் தொகுப்பு முழுவதும் ஒரே வடிவில் எழுதி, பிற வடிவங்களைத் தனியே குறிக்கவேண்டும். தஞ்சை என ஓரிடத்தும் தஞ்சாவூர் என வேறிடத்தும் எழுதினால் தேடுபவருக்குப் பாதியே கிட்டும். மூலக்கோப்பைத் திருத்தாமல் காத்து, ஒளிகூட்டுதல் முதலிய மாற்றங்களைப் படியில் மட்டுமே செய்யவேண்டும். மூன்று படிகளை இருவகை ஊடகங்களில் வைத்து, ஒன்றை வேறிடத்தில் காப்பது உலகெங்கும் பின்பற்றப்படும் நெறியாகும்.

பகிர்வதில் தயக்கம் உண்டு. தாம் கண்டறிந்த கல்வெட்டைப் பிறர் முந்தி வெளியிட்டுவிடுவர் என்னும் அச்சம் பொய்யானதன்று. ஆயினும் அதற்கு மறுமொழி மறைத்துவைத்தல் அன்று. ஒப்படைக்கும் நாளைப் பதிவுசெய்து, குறிப்பிட்ட காலம் வரை பார்வையை வரையறுத்து, பின்னர்ப் பெயர்சுட்டிப் பயன்படுத்தும் உரிமத்துடன் திறந்துவிடலாம். பதிவான நாளே முதற்கண்டுபிடிப்புக்குச் சான்றாகும். அனைத்தையும் உடனே திறந்துவிடவேண்டும் என்பதும் ஏற்கத்தக்கதன்று. காவலற்ற கோயிலில் உள்ள திருமேனியின் துல்லியமான இருப்பிடம் களவுக்கு வழிகாட்டக்கூடும். சடங்கில் அருள்வந்து ஆடுபவரின் முகத்தை வெளியிட, அவர்தம் இசைவு வேண்டும். இத்தகைய படங்களை முழு விவரத்துடன் காத்து, தகுதியுடைய ஆய்வாளருக்கு மட்டும் காட்டுதல் தக்கது.

அட்டவணை எழுத நேரமில்லை என்பர். களத்தில் அன்றன்று மாலையில் எழுதினால் ஒரு மணி நேரத்தில் முடியக்கூடிய பணி, பத்தாண்டு கழித்து எவ்வளவு நேரம் செலவிட்டாலும் முடியாததாகிவிடுகிறது. திருப்பணியில் சுண்ணாம்பு பூசப்பட்டோ, மணல்வீச்சில் தேய்ந்தோ கல்வெட்டு மறைந்தபின் மீண்டும் சென்று சரிபார்க்கவும் இயலாது. அப்போது படமே மூலமாகிறது. குறிப்பில்லாத படமோ மூலமாகும் தகுதியை இழக்கிறது.

எனவே மூன்று செயல்களைத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளலாம். முனைவர் பட்டப் பாடத்திட்டத்தில் கள ஒளிப்பட ஆவணமாக்கத்தைப் பயிற்சியாகச் சேர்க்கலாம். ஆய்வேட்டுடன் மூலப் படங்களையும் அட்டவணையையும் பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைப்பதைக் கட்டாயமாக்கலாம். ஆய்விதழ்கள், வெளியிடும் ஒவ்வொரு படத்தின் கீழும் இடம், நாள், எடுத்தவர், படம் காக்கப்படும் தொகுப்பின் எண் ஆகியவற்றைக் கேட்கலாம். மேற்கோளுக்குப் பக்க எண் தராத கட்டுரையைத் திருப்பி அனுப்பும் நாம், படத்துக்கும் அதே அளவுகோலைக் கொள்வதே முறையாகும்.